மண்வெட்டியில் வந்தவள்

கரமனை,
திருவனந்தபுரம்.
திருவள்ளுவர் ஆண்டு 2056, புரட்டாசித் திங்கள்.

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

உன் அப்பா எழுதும் மடல். இந்த உறைக்குள் தாளும் மையும் தவிர வேறொன்றும் இல்லை. நியூசிலாந்து அலுவலர்கள் இதை ஊடுகதிரில் வைத்துப் பார்த்தாலும், கத்தரியால் பிரித்துப் பார்த்தாலும், என் கோணல் கையெழுத்தைத் தவிர எதையும் கண்டெடுக்க மாட்டார்கள். ஆகவே அச்சமின்றிப் படி.

கைப்பேசியில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். பேசிப் பார்த்தேன். அம்மா என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்த உடனே, “டியூட்டிக்கு நேரமாச்சுப்பா” என்கிறாய், அழைப்பு அறுந்துவிடுகிறது. திடல் நிறைந்த கூட்டத்தை நள்ளிரவுவரை உட்காரவைத்த குரலை நீ ஒற்றை விரலால் அணைத்துவிடுகிறாய். மடலை அப்படி அணைக்க முடியாது. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உனக்காக அங்கேயே காத்திருக்கும்.

இங்கே நலம். மழை விட்டபாடில்லை. கரமனை ஆறு சிவந்து ஓடுகிறது. உன் சித்தப்பா மகள் அனுஷா திருமணத்துக்குப் பிறகு முதன்முறையாக மாப்பிள்ளையோடு வந்து போனாள், உன்னைக் கேட்டாள். போன கிழமை நெய்யாற்றின்கரையில் மொழிப்போர் ஈகியர் கூட்டத்தில் பேசினேன். தொண்டை கட்டிக்கொண்டது. உன் அம்மா மிளகுப்பால் வைத்துக் கொடுத்தாள். வழக்கமாக, “மைக்குக்காரன் சம்பளம் வாங்குறான், நீங்க எதுக்கு இப்படிக் கத்துறிய?” என்பாள். அந்தக் கேலியும் இப்போது நின்றுபோயிற்று.

நம் மாப்பிள்ளை செல்வின் மட்டும் உனக்குத் தெரியாமல் அழைத்தார். “மாமா, அவ தேஷ்யத்துல சொன்னத மனசுல வெக்கண்டாம். பிள்ள நல்லா உதைக்குது. ஸ்கேன்ல எல்லாம் சரி” என்றார். சினம் என்ற நல்ல சொல் இருக்கத் தேஷ்யம் எதற்கு என்று அவரைத் திருத்தலாமா என நினைத்தேன். பிள்ளை உதைக்கிறது என்று சொன்ன வாயைத் திருத்த மனம் வரவில்லை. அவரைக் கடிந்துகொள்ளாதே.

இனி நடந்ததற்கு வருகிறேன். நீ சினத்தோடு விரைந்து சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று நீயே பார்த்துக்கொள். ஆனித் திங்களில் அனுஷா திருமணத்துக்கு வந்துவிட்டு, மூன்று மாதக் கருவோடு, ஆக்லாந்து வானூர்தி நிலையத்தில் இறங்கினாய். மண், விதை, செடி ஏதேனும் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்ட தாளில் இல்லை என்று குறித்துக் கையொப்பம் இட்டாய். பெட்டியைத் திறந்தார்கள். பட்டுப் புடவையின் மடிப்புக்குள் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதைக் கத்தரித்தபோது மேசைமேல் கொட்டியது ஒரு பிடி மண். உன் அம்மா உனக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல் வைத்த மண். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க உன்னைப் பொய்யுரைத்தவள் என்று நிறுத்திவைத்தார்கள், தண்டம் விதித்தார்கள், பெயரைப் பதிவு செய்தார்கள். நிலையான குடியிருப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் ஒரு செவிலிக்கு அது எவ்வளவு பெரிய இடி என்பதை நான் அறிவேன்.

சட்டத்தின்மேல் எனக்குக் குறையில்லை. தம் மண்ணையும் பயிரையும் காத்துக்கொள்ள ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்காகத்தான் நான் வாழ்நாள் முழுதும் தொண்டை கிழியப் பேசிவருகிறேன். உன் அம்மா செய்தது தவறு. அதை அவளிடமே சொன்னேன், மெல்லிய குரலில் அல்ல.

ஆனால் அதன் பிறகு நீ சொன்னது ஒன்று உண்டு. “கார்த்திகையில அம்மா வரண்டாம்ப்பா. என்னத்தையெல்லாம் கெட்டிட்டு வருவாங்களோ, எனக்குப் பேடியா இருக்கு. பிரசவத்துக்கு செல்வின் லீவு எடுத்துக்குவார்.” தாய் வருவதே அச்சம் என்று சொன்னாய், அன்றிலிருந்து அவளோடு பேசுவதையும் விட்டுவிட்டாய். நுழைவிசைவு வந்துவிட்டது, கலை. பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. சாலைக் கடைத்தெருவில் யூசுப் கடையில் வாங்கிய நீலப் பெட்டி வாய் திறந்தபடி நடு அறையில் கிடக்கிறது. அவள் அதை மூடவும் இல்லை, நிரப்பவும் இல்லை. நான் இந்த மடலை எழுதுவது அந்தப் பெட்டிக்காகத்தான்.

பிடிமண் என்பதை நீ சிறுவயதில் கேட்டிருப்பாய். காதில் வாங்கியிருக்க மாட்டாய். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் போன குடும்பத்தார், தம் தெய்வத்தின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போவார்கள். போன இடத்தில் அதைக் கொட்டி, மேலே கல் நட்டு, இங்கேயும் அவள்தான் என்பார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரைவிட்டுப் போகிறவர் எவரோ அவரே தம் கையால் அள்ள வேண்டும். பிறர் அள்ளிக் கொடுத்தால் அது வெறும் மண். உன் அம்மா அந்தக் கட்டுப்பாட்டையும் மீறினாள். உன் கைக்குப் பதிலாகத் தன் கையால் அள்ளினாள். நீ அள்ள மாட்டாய் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அலுவலர்கள் குப்பைத்தொட்டியில் கொட்டியது தெய்வம் இல்லை என்று அவள் வழக்கத்தையே எடுத்துக்காட்டி அவளைத் தேற்றினேன். தேறவில்லை.

நான் இறைமறுப்பாளன் என்பது இந்த ஊருக்கே தெரியும். உன் அம்மா வீட்டுத் தெய்வம் பேச்சியம்மனை நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை, இனியும் கும்பிடப்போவதில்லை. ஆற்றங்கரையில் அரளிச் செடியடியில் இருக்கும் மூன்று கல்லுக்கு உன் அம்மா செவ்வாய்தோறும் விளக்கேற்றும்போது, மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் குடை அம்மாவுக்கு, அம்மனுக்கு இல்லை. அப்படிப்பட்ட நான் ஒரு பிடி மண்ணுக்காகத் தாள் தாளாக எழுதுகிறேன் என்றால் அதில் வேறு ஏதோ இருக்கிறது என்று நீ எண்ணிப்பார்க்க வேண்டும்.

உன் அம்மாவின் பாட்டன் பெயர் பால்பாண்டி. சேரன்மாதேவிக்குத் தெற்கே, கால்வாய்த் தண்ணீர் எட்டாத ஆலங்கிணறு என்னும் சிற்றூர். மழை பொய்த்த ஓர் ஆண்டில், போனக்காட்டு மலையில் வெள்ளைக்காரனின் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கங்காணி வந்தான். பால்பாண்டியும் நிறைமாதத்தை நெருங்கிய அவர் மனைவி மாடத்தியும் அந்தக் கூட்டத்தோடு நடந்தார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில், அங்கிருந்து மேற்கே, பிறகு மலை. காற்றில் ஈரத்தைத் தவிர வேறு எதையும் அறியாத மலை. வரிசை வீடுகள். அட்டைகள். காது அடைக்கும் குளிர். அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டேதான் அவர்கள் ஓர் ஏகாதிபத்தியத்தின் கோப்பையில் தேநீர் ஊற்றினார்கள்!

பொறுத்துக்கொள், மேடைக் குரல் வந்துவிட்டது.

மாடத்திக்கு மகன் பிறந்தான். அவர்தான் உன் தாத்தா லிங்கம். அவர் அந்த மலையிலேயே பிறந்து, கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே வளர்ந்து, தொழிற்சாலையில் இலை உலர்த்தி நரைத்தார். தோட்டம் நொடித்தது. கூலி நின்றது. ஆலையின் கதவு சாத்தப்பட்டது. ஒவ்வொரு குடும்பமாக மலையிறங்கியது. அவரும் இறங்கினார். வருவதற்கு முன்பு அங்கிருந்த பேச்சியின் காலடியில் தம் கையால் ஒரு பிடி அள்ளி, கொழுந்துப் பையில் முடிந்துகொண்டார்.

பேருந்தில் நடந்ததை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இருக்கை கிடைத்தும் உட்காரவில்லை. பையை இருக்கையில் வைத்துவிட்டுத் தாம் நின்றார். நடத்துநர் வந்து பையைத் தட்டி, “எந்தா அம்மாவா இதில்?” என்று, இதில் என்ன மாமா என்னும் பொருளில் கேட்டாராம். மண் என்றார் தாத்தா. “மண்ணோ? திருவனந்தபுரத்து மண்ணில்லாஞ்ஞிட்டா இவிடெந்நு சுமக்குந்நே?” என்று பேருந்தே சிரித்ததாம். திருவனந்தபுரத்தில் மண் இல்லாமலா இங்கிருந்து சுமக்கிறாய் என்ற அந்தக் கேலிக்குத் தாத்தா சொன்ன விடை: “அங்க மண்ணு உண்டு சாரே. எங்க ஆளு அங்க இல்லியே.” நடத்துநர் விதுரை வரையில் அந்த இருக்கையில் வேறு எவரையும் உட்காரவிடவில்லையாம்.

நாற்பது ஆண்டு மேடை வாழ்க்கையில் அப்படி ஒரு விடையை நான் சொன்னதில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தை களக்காட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு மூட்டை சுமக்க வந்தவர். அவர் மண் எதையும் கொண்டுவரவில்லை. பசியை மட்டும் கொண்டுவந்தார். நம்மைக் குடியேறிகள் என்கிறார்கள். ஆம், குடியேறிகள்தாம்! சாலைத் தெருவில் இறங்கிய அரிசி மூட்டைகளின் கீழே எம் முதுகுகள் இருந்தன. இந்த நகரத்தில் எழுந்த மாடிகளின் சாரங்களில் எம் கால்கள் நின்றன. வந்தவர்கள் என்று எம்மைச் சுட்டும் விரலும் எங்கிருந்தோ வந்த விரல்தான். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன். இப்போது என் மகளும் ஒரு தொலைநாட்டில் குடியேறியாக, ஒரு மேசையின் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். இதை நான் எந்த மேடையில் முழங்குவேன்?

ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. அதை நானே போன ஞாயிற்றுக்கிழமைதான் அறிந்தேன்.

மண்ணைக் கொட்டிவிட்டார்கள், எரித்துவிடுவார்கள் என்று நீ சொன்னதை நான் உன் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னது உனக்குத் தெரியும். அவள் அழவில்லை. பல நாள் கழித்து, ஞாயிறு பிற்பகல், அந்தத் திறந்த பெட்டியின் அருகில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “அவ செருப்பையுமா கழுவுனாவ?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தச் செருப்பு என்றேன். நீ புறப்படுவதற்கு முதல்நாள் அவள் உன்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள் அல்லவா? நீ உள்ளே வராமல், செருப்பையும் கழற்றாமல், சேற்றில் நின்றபடி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாய். “செருப்பக் கழத்துடீ, அம்மன் நிக்கா” என்று அவள் கத்தினாள், நீ கையசைத்துவிட்டாய். அந்தச் செருப்பைத்தான் கேட்கிறாள். அடியில் வரி வரியாகப் பள்ளம் உள்ள செருப்பாம் அது.

செருப்புச் சேற்றுக்கும் தெய்வத்துக்கும் என்ன தொடர்பு, அதுவும் கழற்றச் சொல்லி நீயே திட்டிய செருப்பு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவள் குடும்பத்துப் பெண்கள் வாய்வழியாக மட்டுமே காத்துவந்த செய்தி.

பால்பாண்டி ஆலங்கிணற்றிலிருந்து பிடிமண் எடுக்கவே இல்லை, கலை. கங்காணி திடீரென்று கிளப்பிவிட்டான். கோயில் இருந்தது ஊருக்கு எதிர்ப்பக்கம். போக நேரமில்லை. மலையில் மாடத்திக்கு வலி எடுத்தது, பிள்ளை இறங்கவில்லை. பேச்சி இல்லாத காட்டில் நான் எப்படிப் பெறுவேன் என்று அவள் அலறியிருக்கிறாள். பெற்றவளையும் பிள்ளையையும் காக்கிறவள் பேச்சிதான் என்பது அவர்கள் நம்பிக்கை. பால்பாண்டி வெளியே ஓடினார். ஊரிலிருந்து கொண்டுவந்த மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. தோட்டத்தில் கருவி கொடுப்பார்கள், இது எதற்குச் சுமை என்று கங்காணி ஏளனம் செய்தும் அவர் விடாமல் தோளில் கொண்டுவந்த மண்வெட்டி. அதன் கழுத்தில், தகடும் கம்பும் சேரும் இடுக்கில், ஆலங்கிணற்று வயலின் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். ஒரு பிடி தேறவில்லை. ஒரு சிமிட்டா தேறியது. தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று கல்லை வைத்து, உள்ளே பார்த்துக் கத்தினாராம்: “ஏ மாடத்தி, வந்துட்டாட்டீ!” அதன் பிறகு லிங்கம் பிறந்தார்.

கோயிலடி மண் இல்லை. பூசாரி எடுத்துத் தந்ததும் இல்லை. உழுதவனோடு ஒட்டிக்கொண்டு, அவன் அறியாமலே கூட வந்த மண். அதிலிருந்து வந்தவள்தான் இன்று நம் ஆற்றங்கரையில் இருக்கிறாள்.

இத்தனை ஆண்டு என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஒங்ககிட்ட சொன்னா மைக்குல போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிருவியளே” என்றாள். சொல்லியிருப்பேன். இப்போது உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீயும் வெளியே சொல்லாதே.

அவள் ஏன் கேட்டாள் என்று இப்போது உனக்கு விளங்கும். கத்தரித்தது, கொட்டியது, எரித்தது எல்லாம் அவள் அள்ளிய மண். நீயே மிதித்து, உன்னோடு தானாக வந்த மண் அந்தப் பள்ளங்களில் ஒரு துளி மிஞ்சியதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். மிஞ்சியிருந்தால் அதை ஒளித்து வை என்று நான் சொல்ல மாட்டேன். சட்டப்படி செய். கழுவிவிட்டார்கள் என்றால் கழுவிவிட்டார்கள் என்றே சொல். அவள் தாங்குவாள்.

சென்ற முறை கருவுற்றிருந்தபோது உனக்கு நேர்ந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அப்போதும் செல்வின் விடுப்பு எடுத்திருந்தார். அப்போதும் நீ, அம்மா வரண்டாம், ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாய். அன்றிலிருந்து உன் அம்மா தொலைபேசி மணி அடித்தால் உடனே எடுப்பதில்லை. முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த மஞ்சள் முடிச்சை அவள் எந்த நெஞ்சோடு கட்டியிருப்பாள் என்பதற்கு இதற்குமேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நேற்றுக் காலையில் அவள் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மண் ஒட்டாத துணியில் பெட்டி உண்டா என்று யூசுப்பிடம் கேட்டாள். அவர் சிரித்து, “மனுஷனே மண்ணல்லோ அக்கா, ஒட்டாத பெட்டிக்கு நான் எங்க போவேன்?” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திவிட்டு, பெட்டியை வாங்கி உள்துணியைக் கழற்றி, மூலை மூலையாகத் துடைத்து, ஈரம் போக விசிறியின் கீழ் வைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

பக்கத்துக் கடையில் அவள் தனக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கினாள். அடி வழவழப்பாக, ஒரு வரிகூட இல்லாத செருப்பாகத் தேடினாள். காலில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள், மறுத்தாள். சுற்றிய தாளைப் பிரிக்காமலே கொண்டுவந்து பெட்டிமேல் வைத்திருக்கிறாள். வானூர்திக்குள் ஏறுகிறவரை அதைத் தரையில் வைக்க மாட்டாளாம். “இனி அவ பயப்படண்டாம்னு எழுதுங்க. நான் ஒண்ணும் கொண்டுவர மாட்டேன். காலுல ஒட்டுனது கூட” என்றாள்.

மகளே, மூன்று தலைமுறையாக மண்ணோடு இடம்பெயர்ந்த குடும்பத்தின் பெண் அவள். உன் பிள்ளையைக் கையில் ஏந்த, காலைக் கழுவிக்கொண்டு வெறுங்கையோடு வர அணியமாக நிற்கிறாள். இதைவிட ஒரு தாய் இறங்கி வர முடியாது. பல்லாயிரம் பேரைப் பார்த்து எழுக, எழுக என்று சொன்னவன் நான். எவரிடமும் எதையும் இரந்தவன் இல்லை. உன்னிடம் இரக்கிறேன். வா என்று சொல். என்னிடம் வேண்டாம், அவளிடம்.

செருப்பைப் பற்றி அவள் இனி வாய்திறந்து கேட்க மாட்டாள். நீயாகச் சொன்னால் மகிழ்வாள்.

நீயும் உன் மகவும் இரு வேறு உயிராகி, நலமாய், நிறைவாய் நீடு வாழ்க என வாழ்த்தும்

உன் அப்பா,
ஞானசிகாமணி.